ஜனவரில ஆரம்பிச்ச சார்ட்டை அக்டோபருக்கு மாத்தினேன்: டேட்டா ஸ்டோரிடெல்லிங் படிச்ச அனுபவம்

டேட்டாவை சார்ட்டா போடற சாஃப்ட்வேர்ல டேப்லோ படிக்கவா, பவர் பிஐ படிக்கவான்னு ஜூனியர் பசங்க நிறைய பேர் கேக்குறாங்க. டூலை விட டேட்டா ஸ்டோரிடெல்லிங், அதாவது டேட்டால இருக்கற கதையை பாக்கறவங்களுக்கு புரிய வைக்கறது தான் முக்கியம். தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா நான் படிச்ச விதத்தை ஒரே மூச்சுல எழுதிடுறேன்.

முதல் ஆறு மாசம் நானும் டூல் தான் படிச்சேன். டேஷ்போர்டு போட தெரியும், ஃபில்டர் வைக்க தெரியும். வேலை பாத்த இடத்துல ஒரு ரிவ்யூ மீட்டிங்ல பதினாலு ஸ்லைடு காட்டி முடிச்சதும் மேனேஜர், "சரிப்பா, இதுல எந்த கடைக்கு சரக்கு அனுப்பறத குறைக்கணும்?"னு கேட்டார். பதில் ஒன்பதாவது ஸ்லைடுல ஒரு டேபிளுக்குள்ள இருந்துச்சு, நான் அதை தேடி எடுக்கறதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, ஏன்னா கணக்கு எல்லாம் சரியா தான் போட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் டூலை மூடி வச்சிட்டு அடிப்படைல இருந்து வந்தேன். ரெண்டு விஷயம் கண்டிப்பா உங்க கையால பண்ணி பாருங்க. ஒண்ணு, 1973ல ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம்ப்னு ஒரு புள்ளியியல் அறிஞர் கொடுத்த நாலு குட்டி டேட்டா செட். ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளி தான். சராசரி, வேரியன்ஸ் (எண்கள் எவ்ளோ சிதறி இருக்குங்கற அளவு), கோரிலேஷன் (ரெண்டு எண் வரிசை எவ்ளோ சேந்து போகுதுங்கற அளவு) எல்லாமே நாலுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி, கோரிலேஷன் 0.816 வரும். ஆனா வரைஞ்சு பாத்தா ஒண்ணு சாதாரணமா சிதறி மேல போகும், ஒண்ணு வளைஞ்சு இருக்கும், ஒண்ணுல ஒரே ஒரு புள்ளி தனியா தூக்கிட்டு நிக்கும், இன்னொண்ணுல எல்லா புள்ளியும் ஒரே செங்குத்து வரிசையில நிக்க ஒண்ணு மட்டும் தூரத்துல கிடக்கும். எக்செல்ல டைப் பண்ண அரை மணி நேரம் கூட ஆகாது, படிச்சு தெரிஞ்சுக்கறதும் உங்க ஸ்கிரீன்ல அது விரியறதை பாக்குறதும் வேற வேற.

இன்னொண்ணு, 1984ல கிளீவ்லாண்ட், மெக்கில்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வு. ஒரே ஸ்கேல்ல ஒரு புள்ளி எந்த இடத்துல இருக்குங்கறதை நம்ம கண்ணு ரொம்ப சரியா கணிக்கும், அதுக்கு அடுத்து நீளம், அப்புறம் கோணம், பரப்பளவு, நிற அடர்த்தின்னு போகப்போக தப்பு கூடும். 27 சதவீதம், 31 சதவீதம் ரெண்டையும் பை சார்ட்லயும் போடுங்க, பார் சார்ட்லயும் போடுங்க, நான் சொல்றது புரிஞ்சிடும். பார் சார்ட்னா அடி பூஜ்ஜியத்துல இருந்து தான் தொடங்கணும், ஏன்னா அங்க கண்ணு படிக்கறது நீளத்தை.

படிச்சது எனக்குள்ள இறங்கினது ஒரு ப்ராஜெக்ட்ல தான். சென்னைக்கு தண்ணி கொடுக்கற ஏரிங்களோட இருப்பு தினமும் வெளியாகுது, அதை எடுத்தேன். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, நாலும் சேத்து மொத்த கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. முதல் சார்ட்ல நாலு ஏரியையும் வருஷா வருஷம் தனித்தனி கோடா போட்டேன், நாப்பது கோடு, நூடுல்ஸ் மாதிரி ஆயிடுச்சு. நாலையும் கூட்டி வருஷத்துக்கு ஒரு கோடுன்னு ஆக்கினேன், ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும். எல்லாத்தையும் சாம்பல் கலர்ல விட்டுட்டு 2015க்கு நீலம், 2019க்கு சிவப்பு கொடுத்தேன். பாக்க நல்லா தான் இருந்துச்சு.

அதை அம்மா கிட்ட காட்டினேன். 2019 கோடைல ராத்திரி பன்னெண்டு மணிக்கு லாரி தண்ணிக்கு குடத்தோட வரிசைல நின்னவங்க அவங்க, கன அடி எல்லாம் தெரியாது. அவங்க கண்ணு நேரா நீலத்துக்கு போச்சு, வெள்ளத்தை பத்தி பேச ஆரம்பிச்சிட்டாங்க. நான் சிவப்பை காட்டினதும் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மழை ஐப்பசில தானடா வரும், நீ ஏன் தை மாசத்துல இருந்து போட்டிருக்க?"ன்னாங்க.

எனக்கு அப்படியே உறைச்சது. 2019 வறட்சிக்கு காரணமே 2018 அக்டோபர்-டிசம்பர் வடகிழக்கு பருவமழை சரியா பெய்யாதது தான். என் சார்ட்ல அந்த காரணம் 2018 கோட்டோட வலது ஓரத்துல, மத்த சாம்பல் கோடுங்களுக்கு நடுவுல மறைஞ்சு கிடந்துச்சு, சிவப்பு கோடு பாதி கதைல இருந்து தொடங்குது. அன்னிக்கே சார்ட்டோட அடில மாசம் போற அச்சை அக்டோபர்ல ஆரம்பிச்சு செப்டம்பர்ல முடியற மாதிரி மாத்தினேன். இப்ப மத்த வருஷ கோடெல்லாம் நவம்பர் டிசம்பர்ல ஏதோ ஒரு அளவுக்காவது ஏறுது, 2018-19 மட்டும் ஏற வேண்டிய நேரத்துல ஏறாம அப்படியே சரிஞ்சு ஜூன்ல தரையோட ஒட்டிக்கிச்சு. ஒரு நம்பரும் மாறல, ஆனா பாக்கற யாருக்கும் நான் பக்கத்துல நின்னு விளக்க வேண்டியதே இல்லாம போச்சு.

நீலத்தையும் எடுத்துட்டேன். மனசே வரல, 2015 நவம்பர்ல அந்த கோடு கிடுகிடுன்னு ஏறறது அவ்ளோ அழகா இருக்கும், ஆனா அது வேற கதை, அதுக்கு வேற சார்ட் வேணும். எந்த கலர் எந்த வருஷம்னு ஓரத்துல சொல்ற லெஜண்டை தூக்கிட்டு கோட்டோட நுனியிலயே வருஷத்தை எழுதினேன். "சென்னை ஏரிகள் நீர் இருப்பு"ன்னு இருந்த தலைப்பை "2018ல மழை பொய்த்தது, 2019 ஜூன்ல ஏரி காஞ்சது"ன்னு மாத்தினேன். இப்ப எந்த சார்ட்டா இருந்தாலும் முதல்ல அந்த ஒரு வாக்கியத்தை பேப்பர்ல எழுதிட்டு தான் லேப்டாப்பை திறக்கறேன், வாக்கியம் வரலன்னா டேட்டாவை இன்னும் பாக்கலன்னு அர்த்தம்.

சின்ன சின்னதா சிலது. சிவப்பும் பச்சையும் எதிரெதிரா வைக்காதீங்க, ஆம்பளைங்கள்ல கணிசமான பேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கருப்பு வெள்ளைல பிரிண்ட் எடுத்து பாத்தா உங்க சார்ட் தாங்குமான்னு தெரிஞ்சிடும். சதவீதத்துல போட்டா எதுக்கு சதவீதம்னு கவனிங்க, 2020 கடைசில கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியோட சேந்ததும் மொத்தம் 11,757 ஆயிடுச்சு, இதை விட்டுட்டா பழைய வருஷத்தோட ஒப்பிடறதே தப்பாயிடும். டூல் எதுவா இருந்தாலும் பரவால்ல, டேட்டாராப்பரும் டேப்லோ பப்ளிக்கும் இலவசமாவே கிடைக்குது, கூகுள் ஷீட்ஸ் கூட போதும். காட்டற ஆள் தான் முக்கியம், கூட வேலை பாக்கறவங்க கிட்ட காட்டினா கலரை பத்தி தான் பேசுவாங்க, அந்த விஷயத்தை வாழ்ந்து பாத்தவங்க கிட்ட காட்டுங்க, காட்டிட்டு வாயை மூடிட்டு அவங்க முதல்ல எதை தொடறாங்கன்னு மட்டும் பாருங்க.

அடுத்து என்ன பண்றதுன்னு கேட்டா மேட்டூர் அணை நீர்மட்டத்தை எடுத்துக்கோங்க. முழு நீர்மட்டம் 120 அடி, குறுவை நெல் சாகுபடிக்கு தண்ணி திறக்கற வழக்கமான நாள் ஜூன் 12. அந்த கோட்டை எந்த மாசத்துல இருந்து ஆரம்பிக்கணும்னு நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி, தஞ்சாவூர் பக்கம் நிலம் வச்சிருக்கற ஒருத்தர் கிட்ட பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க.