கேசிங் வாங்கப் போனால் போனையும் கையோடு கொண்டுபோங்கள்

போன் வாங்கியது சுலபமாக முடிந்தது. ஈப்போவில் பார்த்தோம், பிடித்தது, தவணை போட்டு எடுத்து வந்துவிட்டோம். அதற்கு ஒரு கேசிங், அதாவது மேலே மாட்டுகிற உறை, வாங்குவதற்குள்தான் படாத பாடு பட்டேன். கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் இருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு என்னைப்போல் அலையாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

என் வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுக்கிறவர். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் வேலைக்காட்டுக்குப் போய்விடுவார். போன் காற்சட்டைப் பையில்தான் இருக்கும். வியர்வை, திடீர் மழை, மேடு பள்ளத்தில் மோட்டார் குலுங்கல், குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும்போது பையிலிருந்து நழுவுவது, எல்லாம் அன்றாடம் நடப்பது. மலேசியாவில் மாதத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). நாங்கள் வாங்கிய போன் அதில் பாதியை நெருங்கியது. திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டபோது 200 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். அதனால் எங்கள் வீட்டில் கேசிங் என்பது அலங்காரச் சாமான் மட்டும் இல்லை.

ஆனால் அலங்காரமும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவருக்குக் கரும்பச்சை பிடிக்கும், மயிலிறகு பிடிக்கும். பெட்டியோடு வந்த நிறமில்லாத மெல்லிய கேசிங்கை, டிபியு என்கிறார்களே அந்த நெகிழ்கிற பிளாஸ்டிக் வகை, அப்படியே போட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த ரகம் வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகிவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த அழுக்கு இல்லை. புற ஊதாக் கதிர் பட்டுப் பொருளே நிறம் மாறுகிறது. எங்கள் வீட்டில் கொஞ்ச நாளிலேயே மஞ்சள் தட்டிவிட்டது. நான்கு மூலையும் காகிதம் மாதிரி மெலிதாக இருந்ததால் எனக்கு அதன்மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை.

போன் ரெட்மி நோட் 13, 4ஜி ரகம். தோட்டத்துக்குள் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னலே ஒழுங்காக வரும். அங்கே 5ஜிக்குக் கூடுதல் காசு கொடுப்பானேன் என்று 4ஜியே எடுத்தோம். இதே பெயரில் 5ஜி ரகமும் உண்டு. பெயர் ஒன்று, உடம்பு வேறு. 4ஜி 162.3 மில்லிமீட்டர் உயரம், 75.6 அகலம். 5ஜி 161.1 உயரம், 75 அகலம். தடிமனும் 8, 7.6 என்று மாறுகிறது. காதில் கேட்டால் ஒன்றுமில்லாத வித்தியாசம். கேசிங் போடும்போது அந்த ஒரு மில்லிமீட்டர்தான் எல்லாம்.

நான் டவுனுக்குப் போன நேரம் போன் அவரிடம் வேலைக்காட்டில் இருந்தது. அதனால் மாடல் பெயரை, '4ஜி' என்பதையும் சேர்த்து, ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதிக்கொண்டு மகளோடு போனேன். கடைத்தெருவில் ஒரு கைப்பேசிக் கடை. நம் தமிழ்ப் பையன்தான் நின்றிருந்தான். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேசிங்கை எடுத்து மேசையில் போட்டான். அதன் அட்டையில் 5ஜி என்று இருந்தது. மகள் உடனே கவனித்துக் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்லா அக்கா. சும்மா பேருதான் வேற."

மயிலிறகு மாதிரி டிசைன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "தோட்டத்துல போட்டு அடிக்கிற போனுக்கு டிசைன் எதுக்குக்கா?" உடல் வருந்திச் சம்பாதிக்கிற மனிதன் கையில் அழகான சாமான் இருக்கக்கூடாதா? அந்தக் கடையில் அதற்கு மேல் நின்று பேச எனக்கு மனம் வரவில்லை. பள்ளிவாசல் பக்கம் இருந்த மற்றக் கடையும் பூட்டியிருந்தது. 15 வெள்ளி கொடுத்துக் கறுப்பு கேசிங்கை வாங்கினேன். ரசீதில் மாடல் பெயரை எழுதச் சொன்னேன். 'கேசிங் 1' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தான்.

சாயங்காலம் போட்டுப் பார்த்தால் மூன்று மூலை உட்கார்ந்தது, நான்காவது எழும்பி நின்றது. கேமரா ஓட்டை தள்ளியிருந்ததால் பிளாஷ் வெளிச்சம் கேசிங் விளிம்பில் பட்டுத் திரும்பி, இரவில் எடுத்த படமெல்லாம் வெள்ளைப் புகை போட்டதுபோல் வந்தது.

திரும்பக் கொண்டுபோனபோது பையன் சுவரைக் காட்டினான். விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மலாயில் ஒட்டியிருந்தது. வந்த வழியே திரும்பினேன். பஸ் காசும் போனது, பாதி நாளும் போனது.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கிற பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விற்றவர்தான் பொறுப்பு. சுவரில் அட்டை ஒட்டுவதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. கடைக்காரர் மசியாவிட்டால் நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 15 வெள்ளிக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்தான். ஆனாலும் போகலாம் என்று தெரிந்து பேசுவதற்கும் தெரியாமல் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்த முறை போனையும் சீட்டையும் கேசிங்கையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நான் எழுதிக் கொடுத்தது 4ஜி. நீ கொடுத்தது 5ஜி. இப்ப நீயே போட்டுக் காட்டு" என்றேன். அவன் அழுத்திப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், உட்காரவில்லை. சட்டத்தின் பெயரைச் சொன்னேன், நடுவர் மன்றத்தையும் சொன்னேன். உள்ளே இருந்த தவுக்கே (முதலாளி) எழுந்து வந்தார், கேசிங்கை ஒருமுறை பார்த்தார், கல்லாவைத் திறந்து 15 வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பெரிய தொகை இல்லை, ஆனால் அன்றைக்கு நெஞ்சு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் இணையத்தில் தேடினோம். விலை மலிவு, டிசைனுக்குப் பஞ்சமில்லை. மயிலிறகே விதவிதமாக இருந்தது. 'இராணுவத் தரம்' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்றை மகள் தேர்ந்தெடுத்தாள், ரகத்தையும் 4ஜி என்று சரியாகவே அழுத்தினாள். விற்பவர் வெளிநாடு. 2024 ஜனவரி 1 முதல், இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமான்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. காட்டுகிற விலையை நம்பாமல் கடைசியில் வருகிற தொகையைப் பாருங்கள்.

தோட்டத்து முகவரிக்குப் பொட்டலம் வருவது தனிக்கதை. எங்கள் லயத்துக்குச் சாலைப் பெயர் கிடையாது. கூரியர்காரர் போன் செய்கிற நேரத்தில் சிக்னல் இருக்காது. ஒருநாள் 'ஒப்படைக்கப்பட்டது' என்று வந்துவிட்டது, கையில் ஒன்றுமில்லை. தேடிப் போனால் தோட்டத்து வாசலில் இருக்கிற காவலர் கொட்டகையில், மற்றப் பொட்டலங்களுக்கு அடியில் கிடந்தது. இப்போது முகவரியிலேயே 'காவலர் கொட்டகையில் வைக்கவும்' என்று எழுதி, கொட்டகையில் இருக்கிற அண்ணனிடமும் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்கும்போது மகள் வீடியோ எடுத்தாள். நல்ல வேளை. அளவு சரியாக இருந்தது, படமும் அழகாக இருந்தது. ஆனால் விளிம்பு திரையைவிட உயரமாக இல்லை. போனைக் குப்புற வைத்தால் திரை நேராக மேசையில் உராய்ந்தது. விளம்பரப் படத்தில் மூலைகளில் காற்றுப் பை தெரிந்தது, வந்ததில் அது இல்லவே இல்லை. இந்த 'இராணுவத் தரம்' என்பது அமெரிக்க இராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனை முறையைக் குறிக்கிறது. அதில் விழுதல் சோதனை என்றால் ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, பக்கம், ஓரம், மூலை எல்லாம் படும்படி 26 முறை போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேசிங் தேறியது என்று சான்றிதழ் கொடுக்கிற அலுவலகம் எதுவும் இல்லை. செய்கிறவரே சோதித்துக்கொண்டு செய்கிறவரே அச்சடித்துக்கொள்ளலாம், சோதிக்காமலும் அச்சடித்துவிடலாம். அந்த எழுத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள்.

விற்பவர் முதலில் பாதிக் காசு தருகிறேன், சாமானை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்கிற பொத்தானை அழுத்தாமல் வைத்திருந்ததால்தான் பேச முடிந்தது. அதை அழுத்திவிட்டால் காசு அவர் கைக்குப் போய்விடும். வீடியோவை அனுப்பினோம், முழுத் தொகையும் திரும்பி வந்தது.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை. டைரி மாதிரி மூடுகிற தோல் உறை வாங்கு என்றார் என் நாத்தனார். அந்த விலைக்கு வருவது நிஜத் தோல் இல்லை, பியூ எனப்படும் செயற்கைத் தோல். நம் ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் அது செதில் செதிலாக உரியும். எங்கள் கைப்பைகள் எல்லாம் அப்படித்தான் போயின. முருகன் படம் அச்சடித்துத் தரும் கடை இருக்கிறது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் வாங்கியதில் பின்பக்கம் அலுமினியத் தகட்டில் படம் இருந்தது. பார்க்கக் கண்ணைப் பறித்தது. ஆனால் உலோகத் தகடு சிக்னலைத் தடுக்கக்கூடும், எங்களுக்கோ இருக்கிற சிக்னலே கொஞ்சம். அதனால் அதையும் விட்டேன்.

கடைசியில் கிடைத்தது பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில். ஒரு தங்கச்சி கடை போட்டிருந்தாள். நான் மாடல் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "போனைக் கொடுங்கக்கா, போட்டுப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க" என்றாள். இத்தனை அலைச்சலில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். போன் இந்த முறை கையில் இருந்தது. செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் மாடலையும் அவளே சரிபார்த்துக்கொண்டாள்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன், அவள் முகம் சுளிக்கவில்லை. குப்புற வைத்தேன், திரை மேசையில் படவில்லை. மல்லாக்க வைத்தேன், கேமரா படவில்லை. பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினேன், கட்டைவிரல் நோகவில்லை. எங்கள் சார்ஜர் முனை கொஞ்சம் தடிப்பு. அதையும் கொண்டுபோயிருந்தேன், கீழே உள்ள ஓட்டையில் சரியாக நுழைந்தது. கூடார விளக்குக்கு வெளியே இருட்டில் போய் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன், புகை இல்லை. கடைசியாக நகத்தால் படத்தின் ஓரத்தைச் சுரண்டினேன். மேலே ஒட்டிய படமாக இருந்தால் விளிம்பு நகத்தில் தட்டும். இதில் படம் தெளிவான மேல்தகட்டுக்கு அடியில் இருக்கிறது, தட்டவே இல்லை.

பின்பக்கம் பாலிகார்பனேட் என்கிற கெட்டியான பிளாஸ்டிக், ஓரம் முழுக்க நெகிழ்கிற டிபியு. விழும்போது அதிர்ச்சியை வாங்குவது அந்த ஓரம்தான், அதனால் முழுக்கக் கெட்டியாக இருப்பதைவிட இந்தக் கலப்பு நல்லது. ஓரமும் கரும்பச்சை, மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியாது. கீழ் மூலையில் கயிறு கோர்க்கச் சின்ன ஓட்டை. கரும்பச்சையில் ஒற்றை மயிலிறகு. 20 சொன்னாள், 18 வெள்ளிக்குக் கொடுத்தாள். 2 வெள்ளிக்கு ஒரு கயிறும் எடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கா இது?" என்றார். அடுத்த வாரமே மோட்டாரிலிருந்து இறங்கும்போது செம்மண் சாலையில் விழுந்திருக்கிறது. மூலையில் ஒரு சிராய்ப்பு, போனுக்கு ஒன்றுமில்லை.

திரைக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவதாக இருந்தால் கேசிங்கைப் போட்டுக்கொண்டே ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேசிங்கின் ஓரம் முட்டி, கண்ணாடியைத் தூக்கிவிடும். சார்ஜ் போடும்போது போன் ரொம்பச் சுட்டால் கேசிங்கைக் கழற்றிவிடுங்கள், சூடு பேட்டரிக்கு ஆகாது. வேலைக்காட்டுக்குப் போகிற போனென்றால் வாரம் ஒருமுறை கேசிங்கைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உள்ளே சேர்கிற மணல்தான் போனின் முதுகைக் கீறுகிறது.