பத்தாவது தொகுதியில் ஒரு பஸ் டிக்கெட்

மே 31, 2025, சனி

ராபர்ட் ஜோர்டனின் மாயாஜால நாவல் வரிசையை வைத்து எடுத்த 'வீல் ஆஃப் டைம்' டிவி தொடரை மூன்று சீசனோடு அமேசான் நிறுத்திவிட்டதாகப் போன வாரம் செய்தி வந்தது. இனி கதை தெரியவேண்டும் என்றால் புத்தகம்தான் கதி. 2021-இல் முதல் சீசன் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தவள் நான். ஆடி அசைந்து, பதினான்கில் ஒன்பது தொகுதி முடித்திருக்கிறேன். அடுத்தது 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்'.

இந்தப் பெயரைக் கேட்டாலே அண்ணனுக்கு முகம் சுருங்கும். "பத்தாவதா? தலைக்கு வச்சுத் தூங்கு, படிக்காதே." இருபது வருடமாக ஒரே தீர்ப்பு. அவன் வீட்டுப் பரணில் கிடந்த அவனுடைய கெட்டி அட்டைப் பிரதியையே வாங்கி வந்துவிட்டேன்.

(பத்தாவது வரை வராதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லித்தான் எழுதப்போகிறேன்.)

ஜூன் 3, செவ்வாய்

ஒன்பதாவதின் முடிவு எப்படிப்பட்டது! ஆண்களின் மந்திரசக்தியில் ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்திருந்த நஞ்சை நாயகன் ராண்டும் அவன் ஊர்க்காரி நைனீவும் சேர்ந்து கழுவுகிறார்கள். ஷாடார் லோகோத் என்ற நகரமே பள்ளமாகிப் போகிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அப்புறம்? பத்தாவதில் அப்புறமே இல்லை. கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார் ராபர்ட் ஜோர்டன். ராண்டின் நண்பன் மாட் சர்க்கஸ் கூட்டத்தோடு ஒளிந்து போய்க்கொண்டிருக்கிறான், இன்னொரு நண்பன் பெரின் கடத்தப்பட்ட மனைவியைத் தேடுகிறான், இளவரசி எலெய்ன் அரியணைக்காகக் கேம்லின் நகரில், எக்வீன் மந்திரப் பெண்களின் நகரமான டார் வலானை வெளியிலிருந்து முற்றுகையிட்டபடி. ஒவ்வொரு இடத்திலும் மந்திரம் தெரிந்த பெண்கள் தொலைவில் ஏதோ பிரம்மாண்டமாக நடக்கிறதே என்று திகைத்துப் பார்க்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த மறுநாள் தெருவில் ஒவ்வொருவரும் "உங்களுக்கும் கேட்டுச்சா?" என்று விசாரிப்பார்களே, அதுபோல. வெடித்தது எது என்று நமக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

ஜூன் 6, வெள்ளி

ஆபீஸில் இந்த வரிசையை முழுதாகப் படித்த ஒருவர் இருக்கிறார். "பத்தாவது அவ்வளவு மோசமா?" என்று கேட்டேன். "எது பத்தாவது? எனக்குத் தனியா ஞாபகமே இல்லையே" என்றார். ஜோர்டன் 2007-இல் இறந்து, பிராண்டன் சாண்டர்சன் மீதி மூன்றையும் எழுதி, 2013-இல் கடைசித் தொகுதி வந்த பிறகு, பதினான்கையும் ஒரே மூச்சில் படித்தவர் அவர். பத்தாவது அவருக்கு வழியில் வந்த ஒரு சின்ன ஸ்டேஷன். வண்டி நின்றதே தெரியாது.

அண்ணன் கணக்கு வேறு. ஒன்பதாவது வந்தது 2000 நவம்பர். பத்தாவது 2003 ஜனவரி. அதற்கடுத்து 2004-இல் வந்தது பதினொன்று அல்ல, முன்கதை. பதினொன்றாவது 2005 அக்டோபரில்தான். ஆக, கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்கு முக்கியக் கதையில் கையில் இருந்தது இது ஒன்றுதான், இதிலும் நாயகன் ராண்ட் சில பக்கங்கள்தான் வருகிறான். இவ்வளவுக்கும் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்த புத்தகம். வாங்கியவர்களும் திட்டியவர்களும் ஒரே ஆட்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். மறுபிரசுரமாக வந்தபோது 'பொன்னியின் செல்வ'னைக் கல்கியில் வாராவாரம் படித்தவள் அவள். "வந்தியத்தேவனை விட்டுட்டுக் கதை வேற பக்கம் போனா எனக்கும் கோபம் வரும். ஆனா ஒரு வாரம்தானே" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

எலெய்ன் அத்தியாயங்கள். அரியணைக்கு எந்தக் குடும்பம் ஆதரவு, எது இல்லை என்று எண்ணுகிறாள், கர்ப்பமாக இருக்கிறாள், வெந்நீரில் குளிக்கிறாள். மறுபடி எண்ணுகிறாள். இதற்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது. காத்திருக்காமல் படிக்கிற எனக்கே கொட்டாவி வருகிறது. இந்தப் புத்தகத்தைத் திட்டுவதற்குக் காத்திருப்புதான் காரணம் என்று போன வாரம் பாதி முடிவுக்கு வந்திருந்தேன், அது இங்கே செல்லவில்லை.

இன்னொன்று. இந்தப் பக்கங்களுக்கு நடுவில் ஒரு பழுப்பேறிய பஸ் டிக்கெட் இருந்தது. அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் புரட்டிப் புரட்டித் தளர்ந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் தாள் புதுசு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

அண்ணன் முடிக்கவே இல்லை!

ஜூன் 14, சனி

அக்கா மகளுக்கு மாட்–டுவான் பகுதிதான் உயிர். கடத்தியவனும் கடத்தப்பட்டவளும் ஒருவரையொருவர் அளந்து பார்ப்பது மாதிரி ஒரு காதலை வேறு எங்கும் படித்ததில்லை என்கிறாள். எனக்கு அது பிடித்தது, அவ்வளவுதான்.

என்னைப் பிடித்து உலுக்கியது பெரின். தானியம் வாங்க ஸோ ஹாபோர் என்ற ஊருக்குப் போகிறான். ஊரே அழுக்கு, யாரும் குளிப்பதில்லை, மூட்டையில் வண்டு நெளிகிறது. இரவில் செத்தவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல எல்லோரும் பயப்படுகிறார்கள். போர் இல்லை, மந்திரம் இல்லை, வெறும் தானிய வியாபாரம். ஆனால் உலகம் அழுகத் தொடங்கிவிட்டது என்பது வயிற்றில் உறைக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில், மனைவி எங்கே என்று அறிய, பிடிபட்ட ஒருவனின் கையைக் கோடாலியால் வெட்டுகிறான். பிறகு அந்தக் கோடாலியை மரத்தில் பாய்ச்சி, அங்கேயே விட்டுவிட்டு நடக்கிறான். முதல் தொகுதியில், ஓநாய்களோடு காட்டில் திரியும் எலையாஸ் அவனிடம் சொல்லியிருப்பான்: இதை வெறுக்கிறவரை வைத்துக்கொள், வெறுப்பு போன அன்று தூக்கிப் போட்டுவிட்டு ஓடு. 1990-இல் விதைத்தது 2003-இல் முளைக்கிறது. எதுவுமே நடக்காத புத்தகமாம் இது.

கட்டமைப்பு சொதப்பல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு கதையையும் முதலிலிருந்து சூடேற்றிச் சூடேற்றி, கொதி வருகிற நேரத்தில் அடுப்பை மாற்றுகிறார். ஆனாலும் இந்த மூன்று அத்தியாயத்துக்காகவே வைத்துக்கொள்வேன்.

ஜூன் 16, திங்கள்

நேற்று முடித்தேன். கடைசியில் எக்வீன் டார் வலானின் துறைமுகச் சங்கிலியை உடைக்க முடியாத பொருளாக மாற்றிவிட்டு, அந்தக் கையோடு பிடிபடுகிறாள். 2005 வரை காத்திருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இன்று ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். டிக்கெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அண்ணா, பெரின் கோடாலி என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

"எந்த..." என்றவன் நிறுத்தினான். "அந்த எலையாஸ் சொன்னதா? தூக்கிப் போட்டுட்டானா? எதுல?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வர்றப்போ அந்த புக்கை எடுத்துட்டு வா" என்றான்.

டிக்கெட்டை அதே பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.