48 பட்டைகளும் இரண்டு நூல் தையலும்

என் பெரியம்மா மதுரை தெற்குவாசல் பகுதியில் வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அவருடைய மிஷினுக்கு அடியில், பெடலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் அரிசிச் சாக்கு கிடக்கும். கை வெட்டிய பின் மிஞ்சும் முக்கோணங்கள், லைனிங் துணியின் ஓரங்கள், கழுத்து வளைவில் விழும் பிறை வடிவத் துண்டுகள் எல்லாம் அந்தச் சாக்குக்குள் போகும். சாக்கு நிறைந்ததும் மெக்கானிக் கடைக்காரர் ஒருவர் எண்ணெய் துடைப்பதற்காக வாங்கிச் செல்வார். மூன்று ஆண்டுகளாக அவருக்கு முன்னால் நான் போய்விடுகிறேன். அந்தத் துண்டுகளைப் பட்டைகளாக வெட்டி இணைத்து, சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளமாக விரிக்கும் டேபிள் ரன்னர்களைத் தைத்து வருகிறேன்.

இதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர், "வீணாகப் போகிற துணிதானே, எப்படித் தைத்தாலும் சரி" என்கிறார்கள். இந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. புதுத் துணியில் நேரும் சிறு பிழையைத் துணியின் அகலமே மறைத்துவிடும். துண்டுத் துணியிலோ தையலுக்குத் தையல் பிழை சேர்ந்துகொண்டே போகும். கழித்துப்போட்ட துணிக்குத்தான் கணக்கு அதிகம் வேண்டும் என்பதை என் முதல் ரன்னரிலேயே தெரிந்துகொண்டேன்.

எங்கள் மேசை ஆறு பேர் உட்காரும் மேசை. நீளம் 60 அங்குலம். இரு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் தொங்கினால் பார்வையாக இருக்கும் என்பதால் 72 அங்குல நீளம் என்று முடிவு செய்தேன். தைத்து முடித்த பின் ஒவ்வொரு பட்டையும் ஒன்றரை அங்குலம் தெரிய வேண்டும். அப்படியானால் 48 பட்டைகள் தேவை. தையலுக்காக இரு பக்கமும் கால் கால் அங்குலம் சேர்த்து, இரண்டு அங்குல அகலமும் 15 அங்குல நீளமுமாக 48 பட்டைகளை வெட்டினேன். கணக்கில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர் பெரியம்மா. பிளவுஸ் தைப்பவர்கள் அரை அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைப்பார்கள். உடம்பு பெருத்தால் பிரித்துவிட வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கத்திலேயே என் கையும் அரை அங்குலத் தையலாக ஓட்டிக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் உழைப்புக்குப் பின் விரித்து அளந்தபோது நீளம் 49 அங்குலம்தான் இருந்தது. மேசையின் நீளத்துக்குக்கூட எட்டவில்லை.

பெரியம்மா இன்ச் டேப்பை வாங்கி ஒரு பட்டையை அளந்தார். "பாப்பா, இது பிளவுஸ் இல்ல, பிரிச்சுவிடுறதுக்கு. ரெண்டு நூல் விட்டா போதும்" என்றார். தச்சரும் தையற்காரரும் புழங்கும் அளவு அது. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். அன்றிலிருந்து மிஷினின் ஊசித் தட்டில், ஊசியிலிருந்து சரியாக இரண்டு நூல் தள்ளி ஒரு காகித டேப்பை ஒட்டி வைத்திருக்கிறேன். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போக வேண்டும். தையலுக்கு அரை நூல் கூடினால் என்ன ஆகிவிடும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 பட்டைகளை இணைக்க 47 தையல்கள். ஒவ்வொரு தையலும் இரு பக்கத்துத் துணியிலும் அரை அரை நூலைத் தின்னும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆறு அங்குலம் குறைந்துவிடும். மேசையின் ஒரு பக்கத் தொங்கல் முழுவதும் போய்விடுகிறது.

இனித் துணி சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் துண்டுத் துணிக்கு ஒரு பருவம் உண்டு. சித்திரைத் திருவிழா நெருங்கும்போது, அழகர் வேடம் போடுபவர்களுக்கு உடை தைக்கும் கடைகளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும் துண்டுகள் குவிந்து கிடக்கும். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு கடையில் துண்டு கேட்டபோது, "அக்கா, வெல்வெட்டும் சாட்டினும் மூட்டையா கெடக்கு, எடுத்துக்கங்க" என்று அள்ளிக் கொடுத்தார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அவை ரன்னருக்கு ஆகா. வெல்வெட் நகர்ந்துகொண்டே போகும்; சாட்டின் ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும். கோடை விடுமுறை முடியும் சமயத்தில் பள்ளிச் சீருடைத் துண்டுகள் வரும். பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தவை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள்தான் எனக்கு அறுவடைக் காலம். அப்போதுதான் பருத்தி பிளவுஸ் துணி, அதிலும் டூ பை டூ என்று கடையில் கேட்டு வாங்கும் மெல்லிய துணி, சாக்குச் சாக்காக விழும்.

எது பருத்தி, எது கலப்பு என்று தொட்டுப் பார்த்தே பெரியம்மா சொல்லிவிடுவார். எனக்கு அந்த விரல் இன்னும் வாய்க்கவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுகிறேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, கடினமான சிறு மணியாக உருளும். சூடான பாத்திரம் வைக்கப்போகும் விரிப்பில் உருகும் துணிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

பழைய சுங்குடிப் புடவைகளும் எனக்கு நிறையக் கிடைக்கின்றன. நாயக்கர் காலத்திலிருந்து மதுரையில் வாழும் சௌராஷ்டிர மக்களின் கைத்திறனாக அறியப்படும் இந்தப் புடவைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் மலரும். இன்று கடைகளில் தொங்குபவற்றில் அச்சுப் புள்ளிகளே மிகுதி. முடிச்சுப் போட்ட புள்ளியை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் விளிம்பு ஒழுங்கற்றுச் சாயத்தோடு கசிந்திருக்கும்; ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. கொசுவத்தின் அடிப்பகுதி நைந்து போன புடவையிலும், இடுப்பில் செருகும் உட்சுற்று வெயில் படாமல் வாங்கிய நாளின் நிறத்திலேயே இருக்கும். அந்தப் பகுதியைத்தான் தேடி வெட்டுகிறேன்.

சுங்குடியால் ஒரு ரன்னரை இழந்தும் இருக்கிறேன். அரக்கு நிறத் துண்டுகளை முதலில் அலசாமல் சந்தன நிறத் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தைத்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே சந்தன நிறம் முழுவதும் வெற்றிலை எச்சில் பட்டதுபோல் ஆகிவிட்டது. கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் இன்னொரு துணியையும் கெடுத்தேன். இப்போது ஒவ்வோர் அடர் நிறத் துண்டையும் தனித்தனியே, தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுகிறேன். பிறகு ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறேன். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டு ரன்னருக்கு இல்லை. கால் மிதியடிக்குப் போகும்.

அலசி உலர்ந்த துண்டுகளுக்கு வடிகஞ்சி போடுகிறேன். நேராக வெட்டிய துண்டு ஒழுங்காக இருக்கும். ஆனால் கை வளைவிலும் கழுத்து வளைவிலும் மிஞ்சும் துண்டுகள் கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக, இருப்பதால் இழுத்தால் ரப்பர் போல நீளும். அவற்றை அப்படியே வெட்டினால் பட்டை அலை அலையாக நெளியும். கஞ்சி மொடமொடப்பில் தேய்த்து வெட்டினால் நெளிவது பெருமளவு குறைகிறது. முடிந்த பின் கஞ்சி போக அலசிவிடுவது முக்கியம்; கஞ்சியோடு பெட்டிக்குள் வைத்தால் பூச்சி அரித்துவிடும்.

நிறங்களை அடுக்குவதில்தான் எனக்கு நீண்ட நேரம் போகிறது. போகத்தான் வேண்டும் என்றும் நினைக்கிறேன். நம் ஊர்ப் பிளவுஸ்கள் பெரும்பாலும் அடர் நிறங்கள். அரக்கு, ராமர் பச்சை, கத்தரிப்பூ நிறம், பிறகு 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயராலேயே புடவைக் கடைகளில் வழங்கும் எம்.எஸ். நீலம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ராஜ நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே இருட்டாகத் தெரியும். பச்சையா நீலமா என்பதைவிட, அடர்த்தியா வெளிரா என்பதே பட்டை வேலையில் கண்ணுக்கு முதலில் படுகிறது. அதனால் துண்டுகளைத் தரையில் அடுக்கி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். படத்தில் எந்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே கோடு தெரியவில்லையோ அவற்றைப் பிரித்து வைக்கிறேன். மூன்றுக்கு ஒன்று வெளிர் நிறம் என்பது நானாக வகுத்துக்கொண்ட கணக்கு; 48-இல் 16 பட்டைகள். அந்தப் பதினாறும் கிடைப்பதுதான் அரிது. லைனிங் துணியின் வெள்ளையும் சந்தனமும் இல்லாவிட்டால் என் ரன்னர்கள் எதுவும் வெளிச்சம் கண்டிருக்காது.

தைக்கும்போது முதல் பட்டையை மேலிருந்து கீழாகத் தைத்தால், அடுத்ததைக் கீழிருந்து மேலாகத் தைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் தைத்துக்கொண்டே போனால் விரிப்பு வாழை இலையின் நரம்பைப் போல ஒரு பக்கமாக வளையும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் தேய்ப்பு உண்டு. மடிப்பு அடர் நிறத்தின் பக்கம் சாய வேண்டும், இல்லையென்றால் வெளிர் துணியின் வழியே நிழலாகத் தெரியும். பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தேய்ப்பைத் தவிர்த்த ரன்னரை நான் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

மேலே உள்ள பட்டைகளுக்கும் அடித்துணிக்கும் நடுவே வைக்கும் அடுக்கைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். குஷனுக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் அதை வைத்தால் ரன்னர் மெத்தை போல உப்பி, அதன் மேல் வைத்த டம்ளர் ஆடும், சூட்டுக்கும் ஆகாது. நான் பழைய நான்கு முழ வேட்டியைப் பயன்படுத்துகிறேன். 2 மீட்டர் நீளமுள்ள வேட்டியை நெட்டுவாக்கில் மூன்றாகக் கிழித்தால் 16 அங்குல அகலத்துக்கு மேல் மூன்று துண்டுகள் கிடைக்கும். அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் போதுமான கனம் வருகிறது. நூறு முறை துவைத்த வேட்டி இனிமேல் சுருங்காது என்பது அதன் பெரிய நன்மை. தனியாகப் பஞ்சு வைக்காமல் பழந்துணிகளையே அடுக்கித் தைக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. வங்காளத்தின் காந்தாவும், கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைக்கும் கவந்தியும் அப்படிப்பட்டவைதாம். காந்தா என்ற சொல்லுக்கும் நாம் கசக்கிக் கட்டச் சொல்லும் கந்தைக்கும் வேர் ஒன்றே.

அடியில் ஒரு முழுத் துணி, நடுவில் வேட்டி, மேலே பட்டைகள் என்று பரப்பி, ஒரு சாண் இடைவெளியில் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி நூலோட்டுகிறேன். மிஷினில் ஓட்டினால் ஒரு மாலைப் பொழுது. கையால் ஓட்டினால் இரண்டு வாரம். இதில் அதிகம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஓரப் பட்டி வேறு விஷயம். இரண்டரை அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, சுற்றிலும் வைத்துத் தைக்க வேண்டும். சுற்றளவு 174 அங்குலம். இணைப்புக்கும் மூலைக்குமாகப் பத்து அங்குலம் சேர்த்து வெட்டுகிறேன். மூலைக்கு இரண்டு நூல் முன்னதாகவே தையலை நிறுத்தி நூலை வெட்டிவிட வேண்டும். பட்டியை மேல்நோக்கிச் சாய்த்து மடித்தால் ஒரு குறுக்குக் கோடு விழும். அந்தக் கோட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டியை நேராகக் கீழே மடித்து இறக்கி, ஓரத்திலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். பிறகு பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்தால் மூலை தபால் உறை போலக் கூர்மையாக அமரும்.

சென்ற மாதம் முடித்த ரன்னரைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. விரித்ததும் திருப்பிப் போட்டு, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு இன்ச் டேப்பை எடுத்து நீளம் அளந்தார். 72 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்திருந்தது. "ஒரு நூல்தானே, பரவால்ல" என்று மடித்து பீரோவில் வைத்துக்கொண்டார். இப்போது தங்கையின் மேசைக்காக அடர் நிறப் பட்டைகள் 32 தயாராக இருக்கின்றன. வெளிர் நிறத்தில் 9 தான் சேர்ந்திருக்கிறது. லைனிங் வெட்டும்போது ஓரத்தைத் தனியே எடுத்து வைக்கும்படி பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.