சலக்கணக்கு

ஏப்ரல் 28
அளவுக் கோப்பை வாங்கினேன். "மருந்து கலக்கவா அன்ரி?" என்று பாமசிப் பையன் கேட்டான். ஓம் என்றேன்.

ஏப்ரல் 29
எவ்வளவு குடித்தேன், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது, எப்போது சிந்தியது. மூன்று நாள் எழுதச் சொன்னார் டொக்டர்.
5.40: 350 மில்லி. 7.10: 90. வெளிக்கிடுமுன் 7.30: 40.
நாற்பது மில்லிக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன்! சலப்பை 400, 500 வரை தாங்குமாம். "எதற்கும் ஒருக்காப் போய்விட்டு வருவோம்" என்று நானே அதற்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறேன்.
11.20: தும்மல். சிந்தியது. நல்லவேளை, கறுப்புச் சீலை.

ஏப்ரல் 30
புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், ஒன்றுமில்லை. வீட்டுக் கதவில் சாவியைப் போட்டதும் வந்துவிட்டது. சாவிக்கும் சலத்துக்கும் என்ன சம்பந்தம்? பலருக்கும் இப்படித்தானாம், மூளை பழகிவிடுகிறதாம்.

மே 2
அக்கா கோல் எடுத்தா. ஆனியில் மகளின் கல்யாணம். "இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய யாழ்ப்பாணம்" என்கிறா. இடையில் எங்கே நிற்பாட்டுவது என்பது டிரைவரின் இஷ்டம். வேலை இருக்கிறது, பார்ப்போம் என்றேன். அம்மாவும் இப்படித்தான் சொல்லுவா.

மே 6
சோதனையில் கிருமி இல்லை, சீனி இல்லை. இருமினால் சிந்துவது ஒரு வகை, அடக்கமுடியாமல் ஓடுவது இன்னொரு வகை, எனக்கு இரண்டும். தண்ணீரைக் குறைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். டொக்டரிடம் நல்ல ஏச்சு. சலம் கடும் மஞ்சளானால் பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்துமாம். குறைக்க வேண்டியது பிளேன்டீயைத்தான். ஐந்து கோப்பை இனி இரண்டு. மலச்சிக்கலும் ஆகாது.

மே 8
பிசியோ மிஸ் சின்னப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். வாயு பிரிவதை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு விடவேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை எக்கக் கூடாது. எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். தும்மல் வருமுன்பே இறுக்கிக்கொள்ள வேண்டும்.
1948இல் கீகல் என்ற அமெரிக்க டொக்டர் எழுதிய பயிற்சியாம். நமக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம்.
அப்படியானால் அம்மாவுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

மே 9
நித்திரை இல்லை. அம்மாவின் கதிரையில் எப்போதும் ஒரு துவாய் இருக்கும். நாங்கள் சிரிப்போம், "அம்மாவின் சிம்மாசனம்" என்று. கல்யாணவீடுகளுக்குப் போகாமல் விட்டா, கோயிலுக்குப் போகாமல் விட்டா. முழங்கால் நோ என்றா. முழங்காலுக்கு எத்தனை எண்ணெய் தேய்த்திருப்பேன்! ஒருநாளாவது அந்தத் துவாயை நான் தோய்த்தேனா? அவவே விடியமுன் தோய்த்துவிடுவா.

மே 12
வெசாக். காலி வீதி முழுக்கச் சனம், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சல் வரிசை. ஒரு பொடியன் பெலிமல் (வில்வம்பூ) தண்ணீரைக் கையில் திணித்தான். குடித்தேன். வெளிச்சக்கூடுகளைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

மே 13
சிந்தவில்லை.

மே 14
இரண்டு தரம்.

மே 30
அவசரம் வந்ததும் ஓடாமல், நின்ற இடத்திலேயே ஐந்தாறு தரம் இறுக்கினேன். அலை மாதிரி வந்து அடங்கியது. அதன்பிறகு மெதுவாக நடந்து போனேன். 260 மில்லி! யாரிடம் சொல்வது?

ஜூன் 11
பயிற்சியை நாலு நாள் விட்டுவிட்டேன். இருமல் வேறு. எரிச்சல்.

ஜூன் 19
ரெயினுக்கு டிக்கட் எடுத்தேன். கோட்டையில் ஏறினால் நேரே யாழ்ப்பாணம், பெட்டியில் கக்கூஸ் இருக்கிறது. "பஸ்தானே லேசு?" என்றா அக்கா. சொல்லிவிட்டேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "எனக்கும்தான்டி" என்றா.

ஜூன் 24
பெட்டி அடுக்குகிறேன். கறுப்பு இரண்டு, கடும்நீலம் ஒன்று. சலத்துக்கென்றே விற்கிற பாட் ஒரு பக்கெட். மாதவிடாய்ப் பாட் இதற்குச் சரிவராது. அக்காவுக்கும் ஒன்று வாங்கவேண்டும். மாம்பழ மஞ்சள் சீலைக்கு இன்னும் பிளவுஸ் தைக்கவில்லை. தையல்காரியிடம் கேட்டு...