ஹ்ராஸ்தோவ்லே: மதிலுக்குள் ஒரு மரண ஊர்வலம்

ஸ்லோவேனியா போகிறவர்கள் பெரும்பாலும் பிளெட் ஏரி, லுப்லியானா, போஸ்தோய்னா குகை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாட்டின் தென்மேற்கு மூலையில், கோப்பர் துறைமுகத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஹ்ராஸ்தோவ்லே அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. கல் வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், பின்னால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை. பத்து நிமிடத்தில் ஊரை நடந்து முடித்துவிடலாம். ஆனால் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நிற்கும் சின்னத் தேவாலயத்துக்குள் பாதி நாள் போனாலும் போதாது.

கீழிருந்து பார்க்கிறபோது அது தேவாலயமாகவே தெரியாது. கோட்டை என்றுதான் நினைப்போம். உயரமான கல் மதில், மூலையில் கோபுரங்கள், அதற்கு மேல் மணிக்கூண்டின் தலை மட்டும். தேவாலயம் முந்தியது. மதில் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. துருக்கியர் படையெடுப்புக் காலம் அது. போதாக்குறைக்கு வெனிஸ் குடியரசும் ஹாப்ஸ்பர்க் அரசும் இந்தப் பகுதியில்தான் எல்லையில் உரசிக்கொண்டிருந்தன. ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் இந்த மதிலுக்குள் ஓடி வந்து ஒளிவார்கள். கடவுளிடம் போனால் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையோடு கல்லையும் சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். விவரமானவர்கள்!

கதவு எப்போதும் திறந்திருக்காது. சாவி வைத்திருப்பவர் வந்து திறந்துவிட வேண்டும். உள்ளே காலடி வைத்ததும் முதலில் உறைப்பது இடம் எவ்வளவு சிறியது என்பதுதான். அப்புறம்தான் கண் பழகும். தூண், வளைவு, கூரை, சுவர் என்று எங்கே பார்த்தாலும் ஓவியம். வெற்றிடம் விட மனம் வராதவர் வரைந்தது போல இருக்கிறது.

வரைந்தவர் காஸ்தவ் ஊரைச் சேர்ந்த யானெஸ். அந்த ஊர் இன்று குரோவேஷியாவில், ரியேகாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலை முடிந்த ஆண்டு 1490. செலவு செய்தவர் பக்கத்து ஊரான குபெட்டின் பாதிரியார் தோமிச் வ்ர்ஹோவிச். இவ்வளவும் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, லத்தீனிலும் கிளகோலிதிக் எழுத்திலும். 9ஆம் நூற்றாண்டில் ஸ்லாவிய மக்களுக்காக உருவான எழுத்து அது. மற்ற பல இடங்களில் மறைந்த பிறகும், இந்த ஊரும் சேர்ந்திருக்கும் இஸ்திரியாத் தீபகற்பத்தின் பாதிரியார்கள் அதை நூற்றாண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருந்தார்கள். ஓவியங்களின் மேலேயே பழைய ஆட்கள் கிளகோலிதிக்கில் கீறி வைத்த கிறுக்கல்களும் உண்டு. சுவரைக் கண்டால் கிறுக்கும் ஆசை எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டால் அதற்கும் ஆய்வாளர்கள் கிடைத்துவிடுகிறார்கள்.

எல்லோரும் தேடி வருவது தெற்குச் சுவரில் இருக்கும் மரண நடனத்தை. நடனம் என்று பெயரே ஒழிய அது ஒரு வரிசை. ஒரு மனிதர், ஒரு எலும்புக்கூடு, மறுபடி ஒரு மனிதர், மறுபடி ஒரு எலும்புக்கூடு என்று கைபிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். வரிசை முடியும் இடத்தில் மரணம் அரியணையில் உட்கார்ந்து, திறந்த குழியோடு காத்திருக்கிறது. வரிசையில் முதலில் போகிறவர் போப்பாண்டவர். பின்னால் ராஜா, ராணி, கர்தினால், ஆயர், துறவி. அதற்கும் பின்னால் ஒரு பணக்காரர், ஒரு இளைஞன், ஊன்றுகோலோடு ஒரு முடவர், கடைசியில் ஒரு குழந்தை. அந்தப் பணக்காரரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கை பணப்பையில் இருக்கிறது. கூட நடக்கும் எலும்புக்கூட்டுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டலாமா என்று பார்க்கிறார். அது கண்டுகொள்ளவில்லை.

இதை வரைந்த காலத்தில் லியோனார்டோ டா வின்சி மிலானில் இருந்தார். அந்தத் தரத்தை இங்கே தேடக் கூடாது. யானெஸின் மனிதர்கள் விறைப்பாக நிற்கிறார்கள், எலும்புக்கூடுகளின் உடற்கூறு கண்டபடி இருக்கிறது. ஆனால் எனக்கு எலும்புக்கூடுகளைப் பிடித்திருந்தது. மனிதர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போக, அவை மட்டும்தான் உற்சாகமாக இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளுக்காக வரைந்தது இது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது பக்கவாட்டில் திரும்பினால், தன் மேல் வரி போட்டவர்கள் எல்லோரும் தனக்கு முன்னால் குழிக்கு நடப்பது தெரியும். பயமுறுத்துவதற்காக வரைந்திருக்கலாம். பார்த்தவர்களில் நிறையப் பேர் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

வருகிறவர்கள் இதைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். உலகம் படைக்கப்பட்ட கதை, ஆதாம் ஏவாள், காயின் ஆபேல் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றோடு பன்னிரண்டு மாதங்களும், ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய வேலையும். மரணத்தைவிட இந்த மாதங்கள்தான் அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்கின்றன. வடக்குச் சுவரில் மூன்று ராஜாக்கள் பரிவாரத்தோடு குழந்தை இயேசுவைப் பார்க்கப் போகிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஊர்வலங்கள், ஒன்று பிறப்பை நோக்கி, இன்னொன்று இறப்பை நோக்கி. இதைத் திட்டமிட்டவர் பாதிரியாரோ ஓவியரோ, நல்ல மூளைக்காரர்.

இத்தனையும் நெடுங்காலம் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடந்தது. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடியே பல தலைமுறைகள் வழிபட்டிருக்கின்றன. 1949இல் யோஜே பொஹ்லென் என்ற சிற்பிதான் பூச்சுக்குக் கீழே நிறம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்புறம் பூச்சை உரித்து ஓவியங்களை மீட்டெடுத்தார்கள். மறைத்த பூச்சே ஓவியங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது.

அதே பொஹ்லென் செய்த சிலை ஒன்று ஊரில் இருக்கிறது. அது ஷாவ்ரின்கா. இந்தக் குன்றுப் பகுதியின் பெண்களுக்கு அந்தப் பெயர். ஊசி, நூல், துணி எடுத்துக்கொண்டு உள் இஸ்திரியாவின் கிராமங்களுக்கு நடந்து போவார்கள். அங்கே பண்டமாற்றாக முட்டை வாங்குவார்கள். அதைக் கூடையிலும் கழுதை மேலும் ஏற்றி இன்று இத்தாலியில் இருக்கும் த்ரியெஸ்தே நகரச் சந்தை வரை கொண்டுபோய் விற்பார்கள். கரடுமுரடான மலைப்பாதையில் நாள்கணக்கில் முட்டையைச் சுமந்து நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சி போய் இத்தாலி ஆட்சி வந்தபோதும் இவர்கள் நடந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு த்ரியெஸ்தேவுக்கும் இவர்கள் ஊருக்கும் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. பிழைப்பும் மெல்ல ஓய்ந்துபோனது. போப்பையும் ராஜாவையும் நடக்கவிட்ட யானெஸ் இவர்களில் ஒருத்தியையாவது வரிசையில் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சிலைக்கு முன்னால் கூட்டமே இல்லை என்பதும் கொஞ்சம் உறுத்தியது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கோப்பர்–திவாச்சா ரயில் பாதை ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறது. ஆனால் துறைமுகச் சரக்கு வண்டிகளின் ராஜ்ஜியம் அது, ரயிலை நம்பிப் போகாதீர்கள். வாடகைக் கார்தான் சரி. நெடுஞ்சாலையில் வந்தால் ச்ர்னி கால் பாலத்தைக் கடப்பீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பள்ளத்தாக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 மீட்டர் உயரம், 2004இல் திறந்தது. சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் ஊறுகாயும் பீன்ஸும் போட்ட யோத்தா சூப் கிடைக்கும். பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம், சைவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உள்ளூர் ரெஃபோஷ்க் சிவப்பு ஒயின் கொஞ்சம் புளிப்பாக இருக்கும்.

மரண நடனத்தில் ஆர்வம் பிடித்துக்கொண்டால், குரோவேஷிய இஸ்திரியாவில் பெராம் என்ற ஊரிலும் ஒன்று இருக்கிறது. 1474இல் வரைந்தவரும் காஸ்தவ்காரர்தான், பெயர் வின்சென்ட். 2023 ஜனவரியிலிருந்து குரோவேஷியாவும் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா மண்டலத்தில் இருப்பதால் ஒரே விசாவில் இரண்டையும் பார்த்துவிடலாம். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்லோவேனியா எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. அதனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.