பத்துப் பெயர், ஒரு பென்சில்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

ராத்திரி எட்டு மணிவாக்கில் எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். வீட்டுச் செருப்போடு ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறார். "எடுத்துட்டாங்க" என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை. இவர் பிலடெல்ஃபியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பெயரே சொல்லாமல் பேசினால் அது இந்த ஊர் பேஸ்பால் அணியில் ஆடிய டிக் ஆலன்தான்.

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது அந்த ஆட்டத்தின் பெரிய ஆட்களுக்கான புகழ்மண்டபம். அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் பத்திரிகையாளர்களுடைய வாக்கு. பத்து வருடமாவது பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் இருந்தவர்கள் போடுவது. அதில் தவறியவர்களுக்குப் பின்வாசல்: 16 பேர் கொண்ட ஒரு கமிட்டி, அதில் 12 பேர் கை தூக்கவேண்டும். 2014-லும் 2021-லும் ஆலனுக்குக் கிடைத்தது 11. இரண்டு தடவையும் ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. நடுவில் 2020 டிசம்பரில் கூடவேண்டிய கமிட்டி கோவிட்டால் தள்ளிப்போனது, அதே டிசம்பரில் ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு 13 ஓட்டு. கூடவே பிட்ஸ்பர்கின் டேவ் பார்க்கருக்கும் 14. பார்க்கர் உயிரோடு இருக்கிறார், பார்க்கின்சன் நோயோடு.

பெரியவரை உட்காரவைத்து டீ கொடுத்தோம். 1964-ல் சிறந்த புதுமுகம், 1972-ல் சிகாகோவில் எம்விபி (வருடத்தின் மதிப்புமிக்க வீரர்), 351 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). இதெல்லாம் எனக்கும் தெரியும். அவர் சொன்னது வேறு. 1965-ல் ஃபிராங்க் தாமஸ் என்ற சக வீரரோடு கைகலப்பு. தாமஸை அணி விற்றுவிட்டது, ஊர் முழுக்க ஆலன்மேல் கோபம். கறுப்பு இளைஞன் என்பதால் அந்தக் கோபம் இரட்டிப்பானது. கூட்டம் கண்டதையும் எறிந்ததால் ஃபீல்டிங்கில்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்ற ஆள் அவர். 1969-ல் முதல் பேஸ் பக்கத்து மண்ணில் ஷூ முனையால் ஆங்கிலத்தில் எழுதுவார்: 'பூ' (கூட்டம் கேலியாகக் கத்துவது), 'நோ', 'ஒய்', 'மாம்'. மேல்வரிசையில் இருந்தாலும் படிக்கலாமாம்.

"எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. எல்லாரும் 'பூ'ன்னு கத்தினாங்க, நானும் கத்தினேன்" என்றார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 22, 2024, ஞாயிறு

பத்திரிகையாளர் வாக்குச்சீட்டு மாதிரியே ஒரு தாள் அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் பெரியவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். விதிகள் அசல் விதிகள்தான். அதிகபட்சம் பத்துப் பெயர். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியலை விட்டே காலி. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம் வரை ஊசலாடலாம்.

பெரியவர் பென்சிலைத் தீட்டி, உட்லி, ராலின்ஸ், ஆப்ரேயு என்று மூன்றுக்கு டிக் அடித்தார். மூன்றுமே பிலடெல்ஃபியா ஆட்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

சண்டை பில்லி வாக்னரில் தொடங்கியது. வாக்னருக்கு இது பத்தாவது வருடம், கடைசி வாய்ப்பு. போன ஜனவரியில் 73.8 சதவீதம், 5 ஓட்டில் தவறிவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் க்ளோசர். பிறவியில் வலதுகைக்காரர். சின்ன வயதில் வலதுகை இரண்டு முறை உடைந்ததால் இடதுகையால் எறியப் பழகி, அந்தக் கையாலேயே 1,196 பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். அவருக்கு எதிராக பேட்டர்களின் சராசரி .187, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 187 அடிதான் பலித்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆடியதுபோல இருக்கிறது, ஆனால் எதிரே நின்றவர்கள் மேஜர் லீக் ஆட்கள்.

"மொத்தமே 903 இன்னிங்ஸ். இதே சீட்டுல, ஆட்டத்தைத் தொடங்கி வீசுற சபாதியா 3,577 வீசியிருக்கான். நாலு மணி நேரம் சமைச்சவனும் கடைசியில கொத்தமல்லி தூவினவனும் ஒண்ணா?" இதைக் கொத்தமல்லி என்று அவர் சொல்லவில்லை, பார்ஸ்லி என்றார். வாதம் நல்ல வாதம்தான். எனக்கே முழுப் பதில் இல்லை. ப்ளேஆஃபில் வாக்னர் வீசிய 11 சொச்சம் இன்னிங்ஸில் செம அடி வாங்கினார் என்பதும் உண்மை. ஆனாலும் சொன்னேன்: ரிவேராவும் ஹாஃப்மனும் உள்ளே இருக்கிறார்கள், க்ளோசர் என்ற வேலைக்கே இடம் உண்டு என்று ஏற்றுக்கொண்டபின் அந்த வேலையை இவரைவிடச் சுத்தமாகச் செய்த இடதுகைக்காரர் யார்?

பென்சில் வாக்னர் பெயர்மேல் நின்றது. மெல்லிசாக ஒரு டிக் விழுந்தது. அப்புறம் ரப்பரை எடுத்து அழித்தார். தாளில் அந்த இடம் மட்டும் சாம்பலாகப் பூத்துப்போயிற்று.

"2005 செப்டம்பர் 7" என்றார்.

தேதியோடு வைத்திருக்கிறார் மனுஷர்! அன்றைக்கு பிலடெல்ஃபியாவுக்காக வீசிக்கொண்டிருந்தார் வாக்னர். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஹூஸ்டனின் க்ரெய்க் பிஜியோ மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அந்த சீசனில் ஹூஸ்டன் 89 வெற்றி, பிலடெல்ஃபியா 88. ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் ப்ளேஆஃப் போயிற்று. "அதுக்கு முன்னாடி ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டாரே, அதுக்கு வாக்னர் என்ன செய்வார்?" என்றேன். காதில் விழாததுபோலத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

சியாட்டிலிலிருந்து மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் தம்பி, போன் செய்தான். "அத்தான், இச்சிரோவுக்கு நூத்துக்கு நூறுதானே?" என்று ஆரம்பித்தான். இதுவரை நூறு சதவீதம் வாங்கியது 2019-ல் மரியானோ ரிவேரா ஒருவர்தான். டெரெக் ஜீட்டருக்கே 397-ல் ஒன்று குறைந்தது. "இச்சிரோவுக்கு எவனாவது போடாம இருப்பானா?" என்றான். இருப்பான் மாப்ளே, என்றேன்.

இச்சிரோ விஷயத்தில் விவாதிக்க ஒன்றும் இல்லை. 27 வயதில் ஜப்பானிலிருந்து அமெரிக்கா வந்து 3,089 ஹிட் (அடித்துவிட்டு பேஸ் போய்ச் சேர்ந்த கணக்கு). 2004-ல் மட்டும் 262. ஜார்ஜ் சிஸ்லர் 1920-ல் வைத்த 257 என்ற சாதனை 84 வருடம் தாங்கியது, அதை உடைத்தார்.

விவாதம் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸைப் பற்றி. மாப்பிள்ளைக்கு அவர்மேல் உயிர். 2010-ல் 13 வெற்றி, 12 தோல்வி. அந்தக் கணக்குக்கு, சிறந்த பிட்சருக்கு (பந்துவீச்சாளருக்கு) தரும் சை யங் விருது! பழைய ஆட்களாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 2.27 என்ற ஈஆர்ஏ-வை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) எடுத்துக்கொண்டு, அவர் வீசிய நாளில் அணி ரன் எடுக்காததற்கு அவர் என்ன செய்வார் என்று கேட்டு விருதைக் கொடுத்தார்கள். ஆனால் மொத்த வெற்றி 169. உச்சம் உயரமாக இருந்து சீக்கிரம் சரிந்த பிட்சர்களை என்ன செய்வது? சாண்டி கூஃபாக்ஸ் 165 வெற்றியோடு 30 வயதில் விலகி, 36 வயதில் உள்ளே போனார். யோஹான் சான்டானா இரண்டு சை யங் வைத்திருந்தும் 2018-ல் 2.4 சதவீதத்தோடு முதல் வருடமே வெளியேறினார். இந்த இருவருக்கும் நடுவில் எங்கேயோ கோடு இருக்கிறது. நான் ஃபெலிக்ஸுக்கு டிக் அடித்தேன், சான்டானாவுக்கு நடந்தது எனக்கு இன்னும் உறுத்துவதால்தான். மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

போனை வாங்கிப் பேசி முடித்த மனைவி கேட்டாள்: "ஏங்க, ரிட்டயர் ஆன ஆளுக்கு எப்படிங்க வருஷா வருஷம் மார்க் ஏறும்?"

நல்ல கேள்வி. வாக்னர் 2010-க்குப்பின் ஒரு பந்துகூட வீசவில்லை. 2016-ல் 10.5 சதவீதம். இப்போது 73.8. ஏறியது அவர் அல்ல, பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். 2015-ல் 549 பேர் ஓட்டுப் போட்டார்கள். பேஸ்பால் எழுதுவதை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கு இனி ஓட்டு இல்லை என்று விதி வந்ததும் அடுத்த வருடம் அது 440. கிழவர்கள் போய் விகிதக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் அன்றைய சீட்டில் நெரிசல் வேறு, பத்துப் பெயருக்குள் க்ளோசருக்கு யார் இடம் ஒதுக்குவார்கள்?

"அப்ப பரீட்சை எழுதுறது ஆடினவன் இல்ல, திருத்துறவன்" என்றாள். சரிதான்.

ஜனவரி 4, 2025, சனி

ஊக்கமருந்துப் பேச்சு இல்லாமல் இந்த விவாதம் முடியாது. முடிந்தவரை தள்ளிப்போட்டேன். பாரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன், ஏழு எம்விபி. ரோஜர் க்ளெமென்ஸ் 354 வெற்றி, ஏழு சை யங். 2022-ல் பத்தாவது வருடம் முடிந்தபோது 66.0, 65.2 சதவீதம். வெளியே. இந்தச் சீட்டில் அலெக்ஸ் ரோட்ரிகஸும் மேனி ராமிரெஸும் நிற்கிறார்கள். இவர்கள் வழக்கு வேறு. ஊக்கமருந்துக்கு எதிராக விதி வந்தபிறகும் மாட்டி, தடையும் வாங்கியவர்கள். அதனால் என் கை இவர்களுக்கு எழவில்லை. பாண்ட்ஸுக்கு எழுந்திருக்கும்.

காரணம் ஒன்றே ஒன்று. அந்தக் காலம் முழுக்கக் கமிஷனராக இருந்த பட் செலிக்கை 2016-ல் கமிட்டி தேர்ந்தெடுத்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே, சரக்கு விற்றவன் மட்டும் வெளியேவா?

பெரியவர் இதில் வாயே திறக்கவில்லை. "எனக்கு பாண்ட்ஸ் பிடிக்காது" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 21, 2025, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு அறிவிப்பு. இச்சிரோ 394-ல் 393. ஒன்று குறைந்தது! மாப்பிள்ளை போனில் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. அந்த ஒரு ஆள் யாரென்று தெரியாது, சீட்டை வெளியிடுவது அவரவர் இஷ்டம். ஜப்பானின் ஹால் ஆஃப் ஃபேமிலேயே போன வாரம் அவருக்கு 92.6 சதவீதம்தான் கிடைத்தது, சொந்த ஊரே அப்படி என்று சமாதானம் சொன்னேன். எடுபடவில்லை.

சபாதியா 86.8. வாக்னர் 82.5, உள்ளே! இடதுகை ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) ஒருவர் போவது இதுவே முதல் தடவை. டிவியில் அவர் அழுவதைக் காட்டினார்கள். 53 வயது மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதால் பார்க்கிறவனுக்கும் என்னவோ செய்கிறது. கார்லோஸ் பெல்ட்ரான் 70.3. 2017-ல் ஹூஸ்டன் அணி எதிரணியின் சைகைகளைத் திருடிப் படித்த விவகாரத்தில் பெயர் அடிபடாவிட்டால் எப்போதோ போயிருப்பார். ஃபெலிக்ஸ் 20.6, முதல் வருடத்துக்குப் பரவாயில்லை.

எதிர்வீட்டு முன்னறையில் டிவி வெளிச்சம் தெரிந்தது. பெரியவர் வரவில்லை.

மே 13, 2025, செவ்வாய்

இறந்துபோனவர்களுக்கு இனி 'நிரந்தரத் தடை' பொருந்தாது என்று கமிஷனர் ராப் மேன்ஃபிரெட் அறிவித்துவிட்டார். பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காக விலக்கப்பட்ட பீட் ரோஸும், 1919 பிளாக் சாக்ஸ் சூதாட்ட விவகாரத்தில் விலக்கப்பட்ட ஷூலெஸ் ஜோ ஜாக்சனும் பட்டியலிலிருந்து நீங்குகிறார்கள். ரோஸ் போன செப்டம்பரில்தான் இறந்தார். 4,256 ஹிட், யாரும் தொடாத எண். 1980-ல் பிலடெல்ஃபியா முதல் உலகத் தொடர் ஜெயித்தபோது அணியில் இருந்தவர். அதனால் பெரியவர் குஷியில் இருப்பார் என்று நினைத்தேன்.

"உயிரோட இருந்தப்ப பொய் சொன்னான், பதினஞ்சு வருஷம். பந்தயம் கட்டலேன்னு" என்றார். அவ்வளவுதான். ரோஸை எடுக்கலாமா கூடாதா என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. புல் வெட்டும் மெஷினைக் கவிழ்த்துப் பிளேடைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

என் கட்சி இதுதான்: சூதாடினால் நிரந்தரத் தடை என்பதைத் தெரிந்தே செய்தார், தண்டனை சரி. ஆனால் சாவைக் காரணம் காட்டித் தளர்த்துவது யாருக்கு? 2027 டிசம்பரில் கமிட்டி ரோஸை எடுத்துக்கொள்ளலாம். பேச அவர் வரப்போவதில்லை.

ஜூன் 28, 2025, சனி

டேவ் பார்க்கர் இறந்துவிட்டார். 74 வயது. விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பதினைந்து வருடம் பத்திரிகையாளர் சீட்டில் இருந்தவர், 24.5 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை.

வேறென்ன எழுத.

ஜூலை 27, 2025, ஞாயிறு

ஹால் ஆஃப் ஃபேம் விழா நடக்கும் கூப்பர்ஸ்டவுனுக்கு நாலரை மணி நேர ஓட்டம். பெரியவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். மனைவி சுண்டல் கொடுத்தனுப்பினாள்.

இச்சிரோ முழுக்க ஆங்கிலத்தில் பேசினார். ஓட்டுப் போடாத அந்த ஒருவரை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன், அந்த அழைப்பு இப்போது காலாவதி ஆகிவிட்டது என்றார். கூட்டம் சிரித்தது. பார்க்கருக்காக மகன் வந்து, அப்பா எழுதிவைத்த கவிதையை வாசித்தார். ஆலனுக்காக மனைவி வில்லா பேசினார். பெரியவர் சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்தபடி அசையாமல் கேட்டார். வெண்கலப் பட்டயத்தில் ஆலன் தலையில் பிலடெல்ஃபியா தொப்பி. "ஹெல்மெட் இல்ல" என்றார்.

வாக்னர் மேடை ஏறியதும் எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பேச்சு முடியும்வரை குழாயை மூடவில்லை.

திரும்பி வந்தபோது கையில் அந்த டிசம்பர் தாள். நாலாக மடித்து வைத்திருந்தார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. "அடுத்த வருஷத்துக்கு உட்லியிலேர்ந்து ஆரம்பிப்போம். 1,885 ஹிட்தான்னு சொல்லப்போறே, தெரியும். ஆலனுக்கு 1,848. அதுக்கு என்ன சொல்றே?"

பென்சிலைத் தேடினோம். சோபா இடுக்கில் கிடந்தது.