பச்சைக் கேரளம் தேடிச் சித்தூர் பக்கம் வராதீர்கள்

படகு, காயல், அடைமழை என்று மனதில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சியில் பஸ் ஏறி, கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கியதும் "இதுவா கேரளா?" என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எங்கள் சித்தூர் தாலுகா பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிடக்கிற வறண்ட பூமி. (ஆந்திரத்துச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தாலுகாவுக்குத்தான் வர வேண்டும். பனை நிற்கிறது, கடலை விளைகிறது, கடையில் தமிழே போதும்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை வராதீர்கள். பாலக்காடு மாவட்டத்தில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியதுண்டு. டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும். தூசி பறக்கும், உதடு வெடிக்கும், ஆனால் நடக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். அதுதான் நல்ல காலம்.

குடியேற நினைப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள். பரம்பிக்குளம் - ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்குத் தர வேண்டும்; அது மூலத்தறைத் தடுப்பணையில் கால்வாய்களுக்குப் பிரிகிறது. ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தாலும், பயிர் வாடுகிற வாரத்தில் வருமா என்பதில்தான் சண்டையே. வாடகை வீடு பார்த்தால், மே மாதம் கிணறு எப்படி என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர்வெல் எத்தனை அடி, லாரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு லோடு எவ்வளவு, மூன்றையும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். குழந்தைகள் படிப்புக்குக் கவலையில்லை, தமிழ்வழிப் பள்ளி உண்டு, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு.

ஆட்டோதான் பர்சைக் கிழிக்கும். 2022-ல் கேரள அரசு வைத்த கட்டணம் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15. ஆனால் கிராமத்துக்குள் போனால் "திரும்பக் காலியாக வரணும்" என்று ஏற்றிச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இரட்டிப்பில் இல்லை. ஏறும் முன்பே போக, வர, காத்திருக்க என்று மொத்தமாகப் பேசி முடியுங்கள். சொந்த வண்டியென்றால் எல்லை தாண்டும் முன்பே தமிழ்நாட்டில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள், கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸின் மகளிர் இலவசப் பயணத்தைக் கேரள பஸ்ஸில் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, வரவே கூடாதா? எலப்புள்ளி பக்கத்து ராமசேரிக்காக வரலாம்! முதலியார் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுடும் இட்லி. மண்வளையத்தின் வாயில் நூலை வலை போலக் கட்டி, துணி விரித்து மாவு ஊற்றி, தண்ணீர் கொதிக்கும் பானைமேல் அடுக்கி விறகடுப்பில் வேக வைக்கிறார்கள். ஆப்பம் மாதிரி தட்டையாக, நடுவில் மெத்தென்று இருக்கும். சாம்பார் கேட்டு நிற்காதீர்கள். பொடியில் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத் தொட்டுக்கொள்வதுதான் ருசி. காலையிலேயே போய்விடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

கள்ளுக்கடை பலருக்கு ஈர்ப்பு. காலையில் இறக்கியது இனிக்கும், நேரம் ஆக ஆகப் புளித்து ஏறும். உரிமம் உள்ள கடையில் மட்டும் குடியுங்கள், குடித்துவிட்டு வண்டியைத் தொடாதீர்கள்.

மாசி வாக்கில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படைத் திருவிழா. படையெடுத்து வந்த கொங்கு மன்னனைத் துரத்தியதாகச் சொல்லும் கதையின் கொண்டாட்டம், வேடிக்கை பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் கொங்கு நாட்டு ஆட்களுக்கும் குறைவில்லை!

பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் முதலமடை, கொல்லங்கோடு வழியாகப் போகிறது. ஆலமரங்கள் நிற்கிற முதலமடை ஸ்டேஷனுக்காகவே ஏறலாம். வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு எல்லை பஸ்களும் அடிக்கடி கிடையாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வந்து இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். தவறினால் மறுபடி அந்த ஆட்டோதான்.